டி&டி ஆட்டத்தில் ஆயுதம் தேர்ந்தெடுப்பது எப்படி: கதைக்கும் கணக்கும் இடையே ஒரு முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் முதன்முதலாகக் கதாபாத்திரம் உருவாக்குபவர்கள் ஆயுதப் பட்டியலுக்கு வந்ததும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் சேதப் பத்தியை மேலிருந்து கீழாகப் பார்த்துப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் மனத்தில் இருக்கும் உருவத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எழுதிவிட்டு, விதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வகையினருக்கு நான்காவது அமர்விலேயே தங்கள் கதாபாத்திரத்தின் மேல் பற்று விட்டுப்போவதையும், இரண்டாம் வகையினர் வீசிய வீச்செல்லாம் தவறிப் போய் மேசையில் பேச்சற்று உட்கார்ந்திருப்பதையும் கதையை நடத்தும் டி.எம். இருக்கையிலிருந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டு இழப்புகளுமே தவிர்க்கக் கூடியவை. கதையும் கணக்கும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. முடிவுகளைச் சரியான வரிசையில் எடுத்தால், அந்தச் சிறிய இடத்தில் கதைக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதை எண்ணாகவே பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம். கீழே வரும் எண்கள் 2014 விதிகளின்படி அமைந்தவை. 2024 திருத்தத்தில் மாறும் முக்கியமான இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன். டி8 என்றால் எட்டுமுகப் பகடை, டி20 என்றால் இருபதுமுகப் பகடை என்று கொள்க.

தொடங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

எந்த ஆண்டின் விதிகளில் ஆடப்போகிறீர்கள் என்பதை முதலில் டி.எம்.மிடம் கேளுங்கள். 2024 திருத்தத்தில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் மாஸ்டரி என்னும் தனித்திறன் சேர்ந்திருக்கிறது. ஃபைட்டர், பார்பேரியன், ரோக் போன்ற கிளாஸ்களால், அதாவது கதாபாத்திரத் தொழில் வகைகளால், அதைப் பயன்படுத்த முடியும். ஒரு விதிப் புத்தகத்தைப் பார்த்து ஆயுதத்தை எழுதிவிட்டு இன்னொன்றின்படி ஆட உட்காருபவர்கள் முதல் சண்டையிலேயே தடுமாறுகிறார்கள்.

அடுத்து, எந்த லெவலில் தொடங்குகிறீர்கள், கதை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். அரண்மனைச் சூழ்ச்சிகளை மையமாகக் கொண்ட தொடரில் வாயிற்காவலர்கள் ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் காட்சி அடிக்கடி வரும். அங்கே ஆளுயரக் கோலாயுதத்தைவிட இடுப்பில் மறையும் டாகர் (குறுவாள்) பயனுள்ளது. பாழடைந்த கல்லறைகளில் நடக்கும் தொடர் என்றால் எதிரிகளில் பாதி எலும்புக்கூடுகளாக இருக்கலாம், அதற்கேற்பச் சேத வகையை யோசிக்க வேண்டியிருக்கும்.

உடன் ஆடுபவர்கள் எதை எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நால்வரும் வில்லாளிகளாக வந்து, முன்னே நின்று அடிவாங்க ஒருவர்கூட இல்லாமல் போன குழுவை நான் நடத்தியிருக்கிறேன். அவர்களில் எவருடைய தேர்வும் தனியாகப் பார்த்தால் தவறில்லை.

கடைசியாக, ஸ்ட்ரெங்த் (உடல்வலிமை), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) முதலிய ஆறு திறன் எண்களையும் பென்சிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேனாவில் வேண்டாம், இரண்டாம் படியில் அவற்றை இடம் மாற்ற நேரலாம்.

1. உங்கள் கிளாஸின் சேதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கதையை யோசிக்கும் முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயுதத் தேர்வு சில கிளாஸ்களுக்கு உயிர்நாடி, சிலவற்றுக்கு வெறும் அணிகலன். உங்களுடையது எது என்று தெரியாமல் கவலைப்படுவதும் கவலைப்படாமல் இருப்பதும் ஒன்றுபோல் வீண்.

லெவல் 5 ரோக் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (அந்தத் திறன் எண்ணிலிருந்து வரும் கூட்டல் அல்லது கழித்தல்) +4, ரோக்கின் மறைதாக்குச் சேதமான ஸ்னீக் அட்டாக் மூன்று டி6, அதாவது சராசரியாக 10.5. ரேப்பியர் என்னும் மெல்லிய நீள்வாளின் டி8 சராசரி 4.5 என்பதால் ஒரு குத்து 19 சேதம் தரும். டாகரின் டி4 சராசரி 2.5 என்பதால் அதே குத்து 17 தரும். இழப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான்.

அதே லெவலில், ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் +4 உள்ள ஃபைட்டர் தன் முறை வரும்போது இருமுறை தாக்குவார். இரண்டு டி6 உருட்டும் கிரேட்ஸ்வோர்டு இருந்தால் இரண்டு அடியும் பட்டு 22 சேதம். டாகர் இருந்தால் 13. இங்கே பத்தில் நான்கு பங்கு போய்விடுகிறது, ஏனென்றால் ஃபைட்டருக்குச் சேதம் முழுவதும் ஆயுதப் பகடையையும் தாக்கும் எண்ணிக்கையையும் நம்பியே நிற்கிறது.

விசார்டுக்கு ஃபயர் போல்ட் மந்திரமே 120 அடி தொலைவுக்கு டி10 சேதம் தருகிறது. ஆகவே அவர் தாத்தாவின் முனை மழுங்கிய வாளை இடுப்பில் கட்டியிருந்தாலும் ஆட்டக் கணக்கு மாறாது. விசார்டும் வார்லாக்கும் பெரும்பாலும் ஆயுதத்தைக் கதைக்காக மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் நான்காம் படிக்கு நேராகப் போகலாம்.

மாங்க் கிளாஸ் தனி வகை. மாங்க் ஆயுதமாகக் கருதப்படும் எதைப் பிடித்தாலும் அதன் சொந்தப் பகடைக்குப் பதில் மார்ஷியல் ஆர்ட்ஸ் பகடையை உருட்டலாம். 2014 விதியில் அது லெவல் 5-இல் டி6, லெவல் 11-இல் டி8. எனவே டி4 மட்டுமே உள்ள கதிர் அரிவாளை ஏந்திய மாங்க், வளர வளர எதையும் இழப்பதில்லை.

2. அடி படுமா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான். ஆதலால் இந்தப் படியில் சற்று நேரம் செலவிடுங்கள்.

தாக்கும்போது டி20 உருட்டி, அதனுடன் உரிய மாடிஃபையரையும் அந்த ஆயுதத்தில் உங்களுக்குத் தேர்ச்சி இருந்தால் ப்ரொஃபிஷியன்சி போனஸையும் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகை எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது ஏ.சி., எண்ணைத் தொட்டால்தான் சேதப் பகடை கைக்கு வரும். கைகலப்பு ஆயுதங்களுக்கு ஸ்ட்ரெங்த், வில் போன்றவற்றுக்கு டெக்ஸ்டெரிட்டி. ஃபினெஸ் பண்புள்ள ஆயுதங்களுக்கு மட்டும் இரண்டில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

எங்கள் மேசையில் ஒரு தங்கை தன் முதல் கதாபாத்திரமாக ஒரு ரோக்கை உருவாக்கினார். கொல்லப்பட்ட தந்தையின் லாங்ஸ்வோர்டை ஏந்தி அலையும் மகள். கதை நன்றாக இருந்தது. 2014 புத்தகத்தில் ரோக்கின் தேர்ச்சிப் பட்டியலிலேயே லாங்ஸ்வோர்டு இருப்பதால் யாரும் ஐயப்படவில்லை, நானும் சரிபார்க்கவில்லை. மூன்று அமர்வுகளில் அவருடைய வாள் எதிரியைத் தொட்டது நான்கு முறையோ ஐந்து முறையோதான்.

காரணம் எளியது. லாங்ஸ்வோர்டு ஃபினெஸ் ஆயுதம் இல்லை. அவருடைய டெக்ஸ்டெரிட்டி 16, ஸ்ட்ரெங்த் 8. ஆகவே வாளை வீசும்போது −1 மாடிஃபையரும் +2 தேர்ச்சியும் சேர்ந்து +1 மட்டுமே கிடைத்தது. 2014 விதிகளின் கோப்ளினுக்கு ஏ.சி. 15, டி20-இல் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 35 விழுக்காடு வாய்ப்பு. ரேப்பியர் இருந்திருந்தால் +5 கிடைத்து, 10 விழுந்தாலே போதும், 55 விழுக்காடு.

இரண்டு வாள்களுக்கும் பகடை ஒன்றே, டி8. ஆனாலும் படும் வாய்ப்பையும் கிரிட்டிக்கலையும் (டி20-இல் 20 விழுந்து சேதப் பகடை இரட்டிப்பாவது) கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஒரு முறைக்கு எதிர்பார்க்கக்கூடிய சேதம் லாங்ஸ்வோர்டுக்கு 1.45, ரேப்பியருக்கு 4.35. மூன்று மடங்கு. இதற்கு மேல் ஸ்னீக் அட்டாக்கும் போயிற்று, ஏனெனில் அதற்கு ஃபினெஸ் ஆயுதமோ தொலைதூர ஆயுதமோ கட்டாயம் வேண்டும். 2024 திருத்தத்தில் ரோக்கின் தேர்ச்சி, மார்ஷியல் (போர்ப்பயிற்சி தேவைப்படும்) ஆயுதங்களைப் பொறுத்தவரை ஃபினெஸ் அல்லது லைட் பண்புள்ளவற்றோடு நின்றுவிடுகிறது என்பதால் இந்தப் பள்ளம் மூடப்பட்டுவிட்டது.

இதிலிருந்து என் மேசையில் ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். சேதப் பகடையின் அளவைக் கதைக்காகத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். படும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது. டி8-க்குப் பதில் டி4 உருட்டுபவர் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டே இருக்கிறார். தவறிய அடியோ சேதமும் தருவதில்லை, கதைக்கு ஒரு காட்சியும் தருவதில்லை.

சிலம்பக்காரரை உருவாக்க விரும்பும் நம்மவர்கள் இதே பள்ளத்தில் வேறு பக்கமாக விழுவார்கள். துள்ளித் திரியும் ஆள் என்பதால் டெக்ஸ்டெரிட்டியை உயர்த்தி, ஃபைட்டர் கிளாஸ் எடுத்து, குவார்ட்டர்ஸ்டாஃப் எழுதிக்கொள்வார்கள். குவார்ட்டர்ஸ்டாஃபுக்கும் ஃபினெஸ் கிடையாது. மாங்க் கிளாஸ் எடுத்தால் அதே கம்பை டெக்ஸ்டெரிட்டியால் சுழற்றலாம். அல்லது ஃபைட்டராகவே இருந்து ஸ்ட்ரெங்த்தை உயர்த்தலாம். பென்சிலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

சிறிய உருவ இனத்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2014 விதியில் ஹாஃப்லிங், நோம் போன்றோர் ஹெவி ஆயுதம் ஏந்தினால் ஒவ்வொரு தாக்குதலிலும் இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். 2024-இல் உருவத்தைப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரெங்த் 13-க்குக் குறைவாக இருப்பவர் ஹெவி வாளை வீசினாலும், டெக்ஸ்டெரிட்டி 13-க்குக் குறைவாக இருப்பவர் ஹெவி வில்லை எய்தாலும் அந்தத் தண்டனை உண்டு.

3. கைகளை எண்ணுங்கள்

ஒரு கையில் கேடயம், மறுகையில் ஆயுதம் என்றால் மந்திரத்துக்குச் சைகை காட்ட எந்தக் கை மிஞ்சுகிறது என்று கேட்டுப் பாருங்கள். கிளெரிக், பாலடின் போன்றோர் தங்கள் தெய்வச் சின்னத்தைக் கேடயத்திலேயே பொறித்துக்கொண்டால் பல மந்திரங்களுக்கு அந்தக் கையே போதும், எல்லாவற்றுக்கும் போதாது. இதைச் சண்டை நடுவே கண்டுபிடிப்பதைவிட கதாபாத்திரக் குறிப்புத் தாளான ஷீட்டை எழுதும்போதே கண்டுகொள்வது நல்லது.

இருகை ஆயுதத்துக்கு அடிக்கும் நேரத்தில் மட்டுமே இரண்டு கைகளும் தேவை. அடித்து முடித்தபின் ஒரு கையை எடுத்து மந்திரம் சொல்லலாம், கதவைத் திறக்கலாம். ஆகையால் கேடயம் வேண்டாத மந்திரவாதி ஒருவர் கம்பைப் பிடித்திருப்பது கதைக்கு மட்டுமன்றிக் கைக்கணக்குக்கும் ஒத்துவரும்.

தீப்பந்தத்தையும் மறக்காதீர்கள். இருட்டில் பார்க்க முடியாத மனிதக் கதாபாத்திரம் நிலவறைக்குள் போகும்போது ஒரு கை பந்தத்துக்குப் போய்விடும். கிரேட்ஸ்வோர்டு முதுகிலேயே தங்கிவிடும்.

4. இப்போது கதையைக் கேளுங்கள்

முதல் மூன்று படிகளைக் கடந்து வந்தால் கையில் நான்கைந்து ஆயுதங்கள் எஞ்சியிருக்கும். அவை எல்லாமே உங்கள் கதாபாத்திரத்தின் கையில் வேலை செய்பவை என்பதால் இனி அச்சமின்றிக் கதையை நினைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

புதியவர்கள் இங்கே ஆயுதத்துக்கு ஒரு பக்க வரலாறு எழுதிவிடுகிறார்கள். எந்த மலையில் எடுத்த இரும்பு, எத்தனை தலைமுறை கைமாறியது என்றெல்லாம் எழுதியும் மேசையில் அதில் ஒரு வரிகூடப் பயன்படுவதில்லை, ஏனென்றால் நடந்து முடிந்ததை வைத்து டி.எம். ஒரு காட்சியை எழுப்ப முடியாது.

அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் விடை எழுதுங்கள். இந்த ஆயுதத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடியவர் யார்? இதைத் தன்னிடம் சேர்க்க விரும்புபவர் யார்? எந்தச் சூழலில் உங்கள் கதாபாத்திரம் இதை உருவ மறுப்பார்? மூன்றுமே இனி நடக்கப்போவதைப் பற்றியவை.

வெறும் ஹேண்டாக்ஸ் ஏந்திய பார்பேரியன் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடரியின் பிடியில் உள்ள வெட்டுக்குறிகளை அவருடைய ஊர் விறகுவெட்டிகள் அடையாளம் காண்பார்கள். அவரை ஊரைவிட்டு ஒதுக்கிய அண்ணன் அதைத் திரும்பக் கேட்பான். பச்சை மரத்தின் மேல் அவர் அதை ஓங்க மாட்டார். இந்த மூன்று வரிகளை வைத்து ஒரு டி.எம். ஆறு மாதம் கதை நடத்தலாம். கோடரிக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை.

5. தேர்வின் விலையைக் கணக்கிடுங்கள்

கதைக்குப் பிடித்தது ஒன்று, கணக்குக்குப் பிடித்தது இன்னொன்று என்று இப்போது இரண்டு ஆயுதங்கள் நிற்கலாம். வாதாடுவதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். மாடிஃபையரோடு சேர்த்த சராசரிச் சேதத்தைப் படும் வாய்ப்பால் பெருக்குங்கள். கிரிட்டிக்கலுக்காக ஆயுதப் பகடைச் சராசரியில் இருபதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அதுவே ஒரு தாக்குதலின் எதிர்பார்ப்புச் சேதம். பகடைச் சராசரியை மனத்தில் வைப்பது எளிது: பக்க எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் போதும்.

ஸ்ட்ரெங்த் 16 உள்ள லெவல் 1 ஃபைட்டருக்கு, ஏ.சி. 15 எதிரியின்மேல் கிரேட்ஸ்வோர்டு 5.85 தருகிறது, லாங்ஸ்வோர்டும் கேடயமும் ஏந்தினால் 4.35. வேறுபாடு 1.5. கேடயத்தால் கிடைக்கும் +2 ஏ.சி. அந்த 1.5-க்கு எதிரில் நிற்கிறது. சண்டைப் பாணியாக (ஃபைட்டிங் ஸ்டைல்) லாங்ஸ்வோர்டுக்காரர் டூயலிங்கையும், கிரேட்ஸ்வோர்டுக்காரர் கிரேட் வெப்பன் ஃபைட்டிங்கையும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு சுமார் 1.2 ஆகச் சுருங்கும். வாளும் கேடயமும் ஏந்திய வீரன்தான் உங்கள் மனத்தில் இருக்கிறான் என்றால் தயங்கவே வேண்டாம்.

சராசரி மட்டும் போதாது, எதிரி ஒரே அடியில் விழுவாரா என்பதையும் பாருங்கள். 2014 கோப்ளினுக்கு 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). +3 மாடிஃபையரோடு பட்ட ஓர் அடியில் அதை வீழ்த்தும் வாய்ப்பு கிரேட்ஸ்வோர்டுக்கு 92 விழுக்காடு, ஒரு கையில் பிடித்த லாங்ஸ்வோர்டுக்கு 62.5, டாகருக்கு 25. தொடக்க லெவல்களில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எதிரிகளின் ஹிட் பாயிண்ட் உயர உயர மங்கிவிடும். லெவல் 1-இல் உணர்ந்த ஏமாற்றத்தால் பிடித்த ஆயுதத்தைத் தூக்கியெறிந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கணக்கு சில சமயம் கதையின் பக்கமே பேசும். இரண்டு டாகர்களோடு திரியும் ரோக்கை எடுத்துக்கொள்வோம். ஒற்றை டாகர் ஸ்னீக் அட்டாக்கோடு லெவல் 1-இல் 5.25 தருகிறது, ரேப்பியர் 6.45. இதைப் பார்த்துவிட்டு டாகரைக் கைவிடுபவர்கள் பலர். ஆனால் டாகர் லைட் ஆயுதம் என்பதால், தன் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் இரண்டாவது டாகரால் ஒரு முறை குத்தலாம். முதல் குத்து தவறினாலும் ஸ்னீக் அட்டாக்குக்கு மறு வாய்ப்புக் கிடைப்பதால், இரண்டில் ஒன்றேனும் படும் வாய்ப்பு 80 விழுக்காட்டைத் தொடுகிறது. மொத்த எதிர்பார்ப்பு சுமார் 7.7, ரேப்பியரைவிட அதிகம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. லெவல் 2 முதல் ரோக்கின் கன்னிங் ஆக்‌ஷனும் அதே போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கும். குத்துவதா, ஓடி ஒளிவதா என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டும். 2024 விதியில் டாகரின் நிக் மாஸ்டரி அந்த இரண்டாம் குத்தை முதல் ஆக்‌ஷனோடு சேர்த்துவிடுவதால் இந்த இழுபறி நீங்குகிறது.

எவ்வளவு விலைவரை கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் அளவுகோலைச் சொல்கிறேன். தொடக்க லெவலில் ஒரு முறைக்கு 1.5 வரையிலான இழப்பை யாரையும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளலாம். மூன்று நான்கு சுற்றுகளில் முடியும் சண்டையில் அது மொத்தமாகவே ஓர் அடிக்கு மேல் போவதில்லை. அதைத் தாண்டினால் அடுத்த படிக்கு வாருங்கள்.

6. எண்களை வைத்துக்கொண்டு தோற்றத்தை மாற்றுங்கள்

ஆயுதப் பட்டியலில் உள்ள பெயர் வேறு, எண்கள் வேறு. எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரையும் உருவத்தையும் மாற்றினால் கதையும் கணக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும். இது ஏமாற்று இல்லை, 2014 டி.எம். வழிகாட்டிப் புத்தகத்திலேயே கிழக்காசியப் பின்னணிக்காக லாங்ஸ்வோர்டைக் கட்டானா என்று அழைக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

மேலே சொன்ன தங்கையின் சிக்கலை அப்படித்தான் தீர்த்தோம். தந்தையின் வாள் முறிந்தது, ஒரு கொல்லர் அதை மெலிதாகத் தீட்டி மறுபடி வடித்தார், ஷீட்டில் ரேப்பியரின் எண்கள் ஏறின. அடுத்த அமர்வில் அவர் முதல் அடியிலேயே ஒரு காவலனை வீழ்த்தினார். அது தந்தையின் வாளால்தான்.

2014 பட்டியலில் இதற்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு ட்ரைடென்ட், அதாவது சூலம். ஈட்டிக்கும் அதற்கும் ஒரே டி6, ஒரே 20/60 அடி எறிதூரம் (20 அடிவரை தடையின்றி, 60 அடிவரை சிரமத்தோடு), இரு கையால் பிடித்தால் ஒரே டி8. ஆனால் ட்ரைடென்டுக்கு மார்ஷியல் தேர்ச்சி வேண்டும், எடை ஒரு பவுண்டு அதிகம், விலையும் 1 பொற்காசுக்குப் பதில் 5. மீனவக் கிளெரிக் ஒருவர் சூலம் ஏந்த விரும்பினால் ஈட்டியின் எண்களை எழுதிச் சூலம் என்று அழைத்தாலே போதும். 2024-இல் ட்ரைடென்டுக்கு டி8 கொடுத்து இந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள்.

தமிழ்ப் பின்னணியில் ஆடுபவர்கள் வளரி கேட்பதுண்டு. இரும்பு வளரி என்றால் ஹேண்டாக்ஸின் எண்கள் பொருந்தும்: டி6, லைட், 20/60 அடி எறியலாம். மர வளரி என்றால் லைட் ஹேமரின் எண்களே நேர்மையானவை, ஏனென்றால் அதன் சேதம் வெட்டாக இல்லாமல் அடியாக அமைகிறது. வீசியது கைக்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டால் அது புதிய ஆற்றல். மாயப் பொருளாகக் கருதி டி.எம். தர வேண்டியது.

இங்கே காக்க வேண்டிய எல்லை அதுவே. பெயர், உருவம், வரலாறு ஆகியவை உங்கள் விருப்பம். சேத வகை, பண்புகள், தேவையான கைகள், தூரம் ஆகியவற்றில் ஒன்றைத் தொட்டாலும் டி.எம்.மின் ஒப்புதல் வேண்டும். வெவ்வேறு ஆயுதங்களின் நல்ல பண்புகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிட்டு அதைத் தோற்ற மாற்றம் என்று சொல்லுவது உடன் ஆடுபவர்களுக்குச் செய்யும் அநீதி.

7. இரண்டாம் ஆயுதத்தை எழுதுங்கள்

முதல் ஆயுதத்தில் மனம் லயித்துப்போய் இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் அதிகம். பறக்கும் எதிரி வரும் நாளில் கிரேட்ஸ்வோர்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஸ்ட்ரெங்த்தை நம்பும் கதாபாத்திரம் வில்லை எடுத்தால் மறுபடியும் இரண்டாம் படியின் பள்ளத்தில் விழும். அவர்களுக்கு ஜாவலின் (எறியீட்டி) பொருத்தமானது: ஸ்ட்ரெங்த்தால் எறியலாம், டி6 சேதம், 30 அடிவரை தடையின்றியும் 120 அடிவரை சிரமத்தோடும் போகும், ஒன்றின் விலை 5 வெள்ளிக்காசுதான். நான்கைந்து வாங்கிவிடுங்கள்.

சேத வகையையும் இங்கே ஈடுசெய்துகொள்ளுங்கள். எலும்புக்கூட்டுக்கு அடிச்சேதம் இரட்டிப்பாக விழும். வாள்காரர் இடுப்பில் ஒரு மேஸ் (தண்டாயுதம்) வைத்திருப்பது வீணாகாது. 2014 விதியில் ஓநாய்மனிதனைச் சாதாரண இரும்பு தொடாது. வெள்ளிப் பூச்சுக்கு 100 பொற்காசு ஆகும் என்பதால் எந்த ஆயுதத்துக்குப் பூசுவது என்பதை முன்பே யோசித்து வைக்கலாம். முதன்மை ஆயுதத்தைக் கதைக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டாம் ஆயுதத்தை முழுக்கக் கணக்குக்காகத் தேர்ந்தெடுப்பது நல்ல ஏற்பாடு.

8. ஆட்டத்துக்கு முன் இருபது முறை உருட்டிப் பாருங்கள்

ஒரு டி20-ஐயும் உங்கள் சேதப் பகடையையும் எடுத்துக்கொண்டு, ஏ.சி. 15 உள்ள ஒரு கற்பனை எதிரியை இருபது முறை தாக்குங்கள். பட்டதையும் சேதத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

இருபது உருட்டலில் கணக்குத் துல்லியமாக வராது. ஆனால் எந்த எண்ணைக் கூட்ட வேண்டும், ஃபினெஸ் உண்டா, இரண்டாம் கைக்கு மாடிஃபையர் சேருமா என்பவை கைப்பழக்கமாகிவிடும். இருபதில் ஏழெட்டு மட்டும் பட்டால் இரண்டாம் படிக்குத் திரும்பி ஷீட்டைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தவறான மாடிஃபையர்தான் காரணமாக இருக்கும்.

9. லெவல் 5-ஐ மனத்தில் வைத்து எழுதி முடியுங்கள்

பல சண்டைக் கிளாஸ்களுக்கு லெவல் 5-இல் எக்ஸ்ட்ரா அட்டாக் வருகிறது. லோடிங் பண்புள்ள கிராஸ்போக்களால் ஒரு ஆக்‌ஷனில் ஒரு முறைதான் எய்ய முடியும் என்பதால், லெவல் 1-இல் சிறப்பாக இருந்த லைட் கிராஸ்போ அன்று ஃபைட்டருக்குப் பாரமாகிவிடும். அதை விரும்பி எடுத்தவர்கள் கிராஸ்போ எக்ஸ்பர்ட் என்னும் கூடுதல் சிறப்புத் திறனை (ஃபீட்) திட்டமிட வேண்டும், அல்லது வில்லுக்கு மாறுவதற்கான கதைக் காரணத்தை இப்போதே டி.எம்.மிடம் சொல்லி வைக்க வேண்டும்.

ஃபீட்களைப் பற்றிப் பிறர் சொல்லும் அறிவுரைகளை உங்கள் எதிரிகளின் ஏ.சி.யோடு சேர்த்துப் பாருங்கள். 2014 கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட், தாக்குதலில் 5-ஐக் குறைத்துக்கொண்டு சேதத்தில் 10-ஐக் கூட்டும். மேலே சொன்ன லெவல் 1 ஃபைட்டரின் கிரேட்ஸ்வோர்டுக்கு, ஏ.சி. 8 உள்ள ஸோம்பியின்மேல் அது 9.35-ஐ 13.35 ஆக்குகிறது, ஏ.சி. 15 கோப்ளின்மேல் 5.85-ஐ 6.35 ஆக மட்டுமே உயர்த்துகிறது. அந்த அரைப் புள்ளிக்காகப் பிடித்த கேடயத்தைக் கழற்ற வேண்டியதில்லை. 2024-இல் இந்தக் கழித்தல் நீங்கி, ப்ரொஃபிஷியன்சி போனஸைச் சேதத்தோடு கூட்டும் விதியாக மாறிவிட்டது.

நீங்கள் விரும்பும் ஆயுத வகை எது என்பதையும் டி.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதையல்களைத் தயாரிக்கும்போது அவர் மாய வாளுக்குப் பதில் மாய க்ளேவ் (நீண்ட கோலில் பொருத்திய வாளலகு) ஒன்றை வைக்க இந்த ஒரு வரித் தகவலே போதும். சொல்லாமல் விட்டால் லெவல் 6-இல் மாய லாங்ஸ்வோர்டைக் கையில் வாங்கிக்கொண்டு, உங்கள் கதை முழுவதும் சுற்றி வந்த க்ளேவைக் கீழே வைக்க நேரும். ஷீட்டின் பின்பக்கத்தில் ஆயுதத்தின் பெயர், அது எந்த ஆயுதத்தின் எண்களைக் கொண்டது, நான்காம் படியின் மூன்று வரிகள் ஆகியவற்றை எழுதி, அதன் ஒரு படியை முதல் அமர்வுக்கு முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.